என் பாலத்தைப் படம் எடுங்கள்

ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டை மாடல் கண்காட்சியில் நடந்தது இந்நேரம் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். பாதிப் பேர் என்னிடமே வந்து, "விடுங்க அண்ணாச்சி, ஒழுங்குன்னு ஒண்ணு வேண்டாமா?" என்கிறார்கள். விட முடியவில்லை. அந்தப் பையன் போனில் வீடியோ எடுத்தது நான் செய்த மாடல் பாலத்தை. அதை அழிக்கும் முன்னால் என்னிடம் யார் கேட்டார்கள்?

டீ குடித்துவிட்டுத் திரும்புகிறேன், "ஏலே, எவம்லே ஒன்ன வீடியோ எடுக்கச் சொன்னது?" என்று சத்தம். போனைப் பிடுங்கி ஒவ்வொன்றாக அழித்துக் கொடுத்தாயிற்று. கீறல் விழுந்த போன், அவன் அம்மாவுடையதாம். படம் எடுக்கக் கூடாது என்ற போர்டு அங்கே இருந்தது, உண்மைதான். அதை வைக்கச் சொன்னது நான் இல்லை.

நான் செய்திருப்பது கேரளாவில் உள்ள கழுதுருட்டி பதிமூன்று கண் ரயில் பாலம், 1:87 அளவில், அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. அதன் மேல் ஓடிய செங்கோட்டை - புனலூர் மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம்) வண்டி 2010-ல் நின்றது. 2018-ல் அகலப்பாதை வந்தபோது அந்தப் பழைய வண்டி இல்லை. யார் யாரோ ஜன்னலோரம் உட்கார்ந்து எடுத்த மங்கலான படங்களை வைத்துத்தான் எல்லாம் செய்தேன். அந்த வண்டியை இழுத்த ஒய்.டி.எம்.4 டீசல் இன்ஜினின் கைப்பிடிக் கம்பி எங்கே வளைகிறது, கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவே கருங்கல் எப்படி அடுக்கியிருக்கிறது, எல்லாம் அதில் பார்த்ததுதான். ஃபோம் போர்டில் ஊசியால் ஒவ்வொரு கல்லாகக் கீறும்போது பக்கத்தில் அந்தப் படம் இருக்கும். எடுத்தவர் பெயர்கூடத் தெரியாது. அவரை அன்று ஒருவர் "எவம்லே" என்று கேட்டிருந்தால் இன்று என் மேசையில் பாலமே கிடையாது.

சின்ன வயதில் அந்த வண்டியில் போயிருக்கிறோம். பகவதிபுரம் தாண்டிக் குகைக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் எல்லாரும் கூச்சல் போடுவோம். எங்களிடம் ஒரு படம்கூட இல்லை. வசதியுள்ள வீட்டில்தான் கேமரா இருந்தது.

காப்பி அடித்துவிடுவார்கள் என்கிறீர்கள். அடிக்கட்டுமே! இந்த அளவில் மீட்டர் கேஜுக்கு 12 மில்லிமீட்டர் தண்டவாளம் வேண்டும். அது தெரியாமல் நான் எவ்வளவு அலைந்தேன்! ஒரு பையன் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்துப் போனால் எனக்கு என்ன குறைந்துவிடும்? செல்ஃபி ஸ்டிக் பட்டு உடைந்தால் என்று கேட்பது நியாயம். கயிறு கட்டுங்கள், ஒரு முழம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். யூடியூபில் போட்டுக் காசு பார்க்கிறார்கள் என்றால், செய்தவர் பெயரைப் போடச் சொல்லிக் கேளுங்கள். எடுக்கவே கூடாது என்பவர் தன் மேசையில் எழுதி வைக்கட்டும், என் மேசையில் எதற்கு?

அப்புறம் இன்னொன்று. அதே நாள் காலையில் ஒருவர் டிரைபாடும் பெரிய கேமராவுமாக வந்தார். அவருக்கு நாற்காலி போட்டார்கள், லைட்டைத் திருப்பி வைத்தார்கள், என்னையே நகர்ந்து நிற்கச் சொன்னார்கள். அப்போதும் அந்த போர்டு அங்கேதான் இருந்தது. அவரை "எவம்லே" என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. ஒழுங்கு பற்றி எனக்குப் பாடம் எடுப்பவர்கள் இதற்குப் பதில் சொல்லிவிட்டு மேலே பேசுங்கள். சின்னப் பையன், கையில் பழைய போன் என்றால் மட்டும் திருடனா?

நடத்துபவர்களிடம் சொல்லிவிட்டேன். அந்த போர்டு இருந்தால் அடுத்த முறை எனக்கு மேசை வேண்டாம். பாலத்தை வீட்டுத் திண்ணையில் வைத்துக்கொள்கிறேன், யார் வேண்டுமானாலும் வரலாம். இன்ஜின் கூண்டைக் கழற்றித் தருகிறேன், உள்ளே மோட்டார் பூட்டியிருப்பதையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.