லா கோன்ச்சாவை விட்டுவிட்டாரே
விளம்பரப் பலகைகளைக் கழற்றிவிட்டால் லாஸ் வேகாஸில் சூதாட்ட விடுதிகள் வரிசைகட்டி நிற்கும் ஸ்ட்ரிப் சாலையில் கட்டடக்கலை என்று எதுவும் மிஞ்சாது என அந்த ஊரைப் பற்றிய ஒரு கட்டுரையில் அதன் ஆசிரியர் போகிறபோக்கில் எழுதிவிட்டார். அப்படியானால் அதே ஸ்ட்ரிப்பில் இருந்த லா கோன்ச்சா மோட்டலின் வரவேற்புக்கூடத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது? 1961இல் கட்டடக் கலைஞர் பால் வில்லியம்ஸ் வடிவமைத்தது. சிப்பி மாதிரி வளைந்த மெல்லிய கான்கிரீட் ஓடு. மோட்டலே போன பிறகும் அதை மட்டும் துண்டுகளாக அறுத்துக் கொண்டுபோய்ச் சேர்த்துக் கட்டினார்கள். இன்று, பழைய விளம்பரப் பலகைகளைச் சேர்த்து வைத்திருக்கும் நியான் மியூசியத்துக்கு அதுதான் வாசல். உள்ளே பகலில் பார்க்க வேண்டும்: ஸ்டார்டஸ்ட் சூதாட்ட விடுதியின் பழைய பலகை எழுத்துகள் துருவேறிய தகரமும் பல்பு ஓட்டைகளுமாக, ஒவ்வொன்றும் ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும். (எனக்கு இரவைவிட அதுதான் பிடித்தது.) அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், இந்த விளக்குப் பலகைகளில் எல்லா நிறமும் நியான் வாயுதான் என்கிறார். இல்லை, நியான் தருவது செம்மஞ்சள் மட்டுமே. நீலத்துக்கு ஆர்கானோடு பாதரசம் சேர்க்க வேண்டும்.