தேய்ந்த பேட்டரியின் கணக்கை என்னிடம் காட்டாமல் மறைப்பது ஏன்?

பினாங்குப் பாலத்தைக் கடந்து தீவுப் பக்கம் இறங்கும்போதே என் பிளக்-இன் ஹைப்ரிட் காரின் (சுவர் பிளக்கில் ஏற்றும் பேட்டரியிலும் பெட்ரோலிலும் ஓடும் கார்) பெட்ரோல் இயந்திரம் உறுமத் தொடங்கிவிடுகிறது என்று சர்வீஸ் சென்டரில் முறையிட்டால், "ஏர்கோனைக் குறைத்து வையுங்கள், கொஞ்சம் மெதுவாக ஓட்டிப் பாருங்கள்" என்று எனக்கே பாடம் நடத்துகிறார்கள். செபராங் ஜெயாவிலிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு இருபது கிலோமீட்டர் சொச்சம் இருக்கும். வாங்கிய புதிதில் அந்தத் தூரம் முழுவதையும் மின்சாரத்திலேயே கடந்து, வண்டியை நிறுத்தும்போது திரையில் மிச்சமும் காட்டிய அதே கார்தான் இது. சாலை மாறவில்லை, ஏர்கோன் மாறவில்லை, முடுக்கியை மிதிக்கும் என் காலும் மாறவில்லை.

லித்தியம் அயன் பேட்டரி தேயும் என்பது தெரியாமல் நான் இதை எழுதவில்லை. பழைய கைப்பேசி வைத்திருக்கும் எவருக்கும் அது தெரியும். சார்ஜ் ஏறி இறங்கும்போதும், வெறுமனே நிறுத்தி வைத்திருக்கும்போதும்கூட, பேட்டரிக்குள் கிராஃபைட் மின்முனையின் பரப்பின் மேல் ஒரு மெல்லிய படலம் வளர்ந்துகொண்டே போகிறது. அந்தப் படலத்தில் சிக்கிக்கொள்ளும் லித்தியம் மறுபடி வேலைக்கு வருவதில்லை. வெப்பம் கூடினால் படலம் வேகமாக வளரும். முழுக்கொள்ளளவுக்கு ஏற்றி அப்படியே விட்டு வைத்தாலும் வேகமாக வளரும். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது.

குறை சொல்ல வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. முழு மின்சாரக் கார் ஒன்று 60 கிலோவாட் மணி (மின்கட்டணத்தில் வரும் அதே யூனிட்தான்) பேட்டரியைச் சுமந்துகொண்டு, ஒரு தடவை ஏற்றினால் 400 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 60,000 கிலோமீட்டர் ஓட அதற்கு 150 முழுச் சுற்றுகள் போதும். ஒரு தடவைக்கு 30 கிலோமீட்டர் மட்டுமே ஓடும் என் காரின் குட்டிப் பேட்டரி அதே தூரத்தை மின்சாரத்தில் ஓட வேண்டுமென்றால், 2,000 முறை நிரம்பி 2,000 முறை வற்றியாக வேண்டும். அது போதாதென்று, 8 கிலோவாட் மணி கொண்ட அந்தச் சின்னப் பெட்டியிலிருந்துதான் 65 கிலோவாட் மோட்டார் மின்சாரத்தை உறிஞ்சுகிறது. முடுக்கியை முழுதாக மிதித்தபடியே இருந்தால் ஏழெட்டு நிமிடத்தில் பெட்டியே காலியாகிவிடும் வேகம் அது. 60 கிலோவாட் மணி வைத்திருக்கும் காரில் 150 கிலோவாட் மோட்டாரைப் பூட்டினாலும் அதே வேலைக்கு 24 நிமிடம் பிடிக்கும். ஊர் கூடி இழுக்க வேண்டிய தேரை இரண்டே பேரை விட்டு இழுக்க வைத்துவிட்டு, அவர்களுக்கு முதுகு போனதும் ஆச்சரியப்படுவதுபோல் நடிப்பவர்களிடம் நான் என்ன பேசுவது?

வடிவமைப்பாளர்களுக்கு இது தெரியாத கணக்கும் அல்ல. 2010ஆம் ஆண்டு இறுதியில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த செவ்ரலே வோல்ட் என்ற பிளக்-இன் ஹைப்ரிட் காரில் 16 கிலோவாட் மணி பேட்டரியை வைத்து, அதில் சுமார் 10 மட்டுமே ஓட்டத்துக்குப் பயன்படும்படி, முழுதாக நிரம்பாமலும் முழுதாக வற்றாமலும் மேலும் கீழும் இடம் விட்டார்கள். பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டலும் கொடுத்தார்கள். அதற்குச் செலவாகும், எடை கூடும், பின்பெட்டியில் இடம் குறையும் என்பதெல்லாம் உண்மைதான். (என் காரில் அவ்வளவு பெரிய பேட்டரி இல்லாமலேயே பின்பெட்டி பாதியாகிவிட்டது, உதிரிச் சக்கரமும் கிடையாது என்பது தனிக் கதை.)

கையேட்டில் எழுதியிருக்கும் அறிவுரைகளைப் படித்தால் எனக்கு இரத்தம் கொதிக்கிறது. நெடுநேரம் வெயிலில் நிறுத்தக் கூடாதாம். முழுதாக ஏற்றிய நிலையில் நாள்கணக்கில் வைத்திருக்கக் கூடாதாம். ஆண்டு முழுவதும் பகலில் 32, 33 டிகிரியும் இரவில் 24, 25 டிகிரியுமாகக் காயும் பினாங்கில், கூரை போட்ட நிறுத்துமிடம் மேலாளர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட தொழிற்சாலையில் வேலை பார்க்கும் நான், காலை முதல் மாலை வரை தார்த்தரையில் வேகும் காரை எங்கே கொண்டுபோய் ஒளித்து வைப்பது? எண்பது விழுக்காட்டோடு நிறுத்திக்கொள் என்று கட்டளையிட என் காரில் வசதியே இல்லை; ஒன்று நூறு வரை ஏற்றும், இல்லையென்றால் நானே நடு இரவில் எழுந்து போய்ப் பிளக்கைப் பிடுங்க வேண்டும். இந்த நாட்டு வெயிலில் ஓடும் என்று சொல்லி இந்த நாட்டிலேயே விற்ற காருக்கு, இந்த நாட்டில் கடைப்பிடிக்கவே முடியாத நிபந்தனைகளை எழுதிக் கொடுப்பவர்களின் துணிச்சலை என்னவென்று சொல்வது?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னால் பொறுக்கவே முடியாதது, பேட்டரியின் மிச்சக் கொள்ளளவை என்னிடமிருந்து மறைப்பதுதான். திரையில் தெரியும் கிலோமீட்டர் கணக்கு அண்மைய ஓட்டத்தை வைத்துக் கார் சொல்லும் ஊகமே தவிர, பேட்டரியின் உண்மையான அளவு அல்ல. அதனால்தான் எல்லாப் பழியையும் என் காலின் மேல் போட அவர்களால் முடிகிறது. ஆனால் உள்ளே இருக்கும் பேட்டரிக் கட்டுப்பாட்டுக் கணினியிடம் அந்த அளவு இருக்கிறது, சர்வீஸ் சென்டரில் கணினியைச் செருகினால் அது திரையிலும் வருகிறது. கடந்த முறை நான் எட்டிப் பார்க்க முனைந்தபோது, சர்வீஸ் ஆலோசகர் திரையை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு என் கையில் கொடுத்த தாளில் "சோதிக்கப்பட்டது, குறையில்லை" என்ற ஒற்றை வரி மட்டும் இருந்தது.

அவர்கள் காட்டாவிட்டால் என்ன, வீட்டுச் சுவர் பிளக்கில் ஒரு சிறு மின் அளவியைச் செருகி வைத்திருக்கிறேன். முழுதாக வற்றிய நிலையிலிருந்து நிரம்புவதற்குப் புதிதில் ஆறரை யூனிட் (8 முழுவதையும் பயன்படுத்தக் கார் விடுவதில்லை) இழுத்த கார், இன்று நாலு யூனிட்டைத் தாண்டுமுன்பே பச்சை விளக்கைக் காட்டிவிட்டுப் படுத்துவிடுகிறது. சார்ஜ் ஏறும்போது சூடாகி வீணாவதைக் கழித்தால், உள்ளே போய்ச் சேர்வது இன்னும் குறைவு. கார் நின்றுகொண்டிருக்கும்போது, சுவரில் மாட்டிய அளவியில், என் ஏர்கோனும் என் காலும் எப்படிப் புகுந்தன என்று கேட்டதற்கு அந்த ஆலோசகர் சிரித்தார். பதில் வரவில்லை.

உலகில் எங்கும் இப்படித்தான் என்றும் சொல்ல முடியாது. ஐக்கிய நாடுகள் அமைப்பின்கீழ் 2022 மார்ச்சில் ஏற்கப்பட்ட 22ஆம் எண் உலகளாவிய தொழில்நுட்ப விதி, 5 ஆண்டு அல்லது 100,000 கிலோமீட்டர் வரை 80 விழுக்காடும், 8 ஆண்டு அல்லது 160,000 கிலோமீட்டர் வரை 70 விழுக்காடும் பேட்டரித் திறன் மிஞ்சியிருக்க வேண்டும் என்று வரையறுத்திருக்கிறது. பிளக்-இன் ஹைப்ரிட் கார்களும் அதில் அடக்கம். மிஞ்சியிருக்கும் திறனை உரிமையாளர் பார்க்கும்படி காரே காட்ட வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் யூரோ 7 வாகன மாசுக் கட்டுப்பாட்டுச் சட்டம் அந்த எட்டாண்டு அளவை 72 விழுக்காடாக உயர்த்தி, 2026 நவம்பர் இறுதியிலிருந்து புதிய மாடல்களுக்கு நடைமுறைப்படுத்துகிறது. என் உத்தரவாதக் கையேட்டிலோ "எட்டு ஆண்டுகள்" என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, நாளடைவில் கொள்ளளவு குறைவது இதில் அடங்காது என்று பொடி எழுத்தில் முடித்திருக்கிறார்கள். எழுபதும் இல்லை, ஐம்பதும் இல்லை, எந்த எல்லையுமே இல்லை. பேட்டரி செத்துப்போனால் மாற்றித் தருவார்கள். செத்துக்கொண்டே இருந்தால் தரமாட்டார்கள்.

உள்நாட்டில் பொருத்தப்பட்ட இத்தகைய கார்களுக்கு அரசாங்கம் வரிச்சலுகை கொடுத்ததால்தான் என் போன்ற நடுத்தர வருமானக்காரர்கள் அவற்றின் பக்கம் திரும்பினோம். கடன் ஒன்பது ஆண்டு, உத்தரவாதம் எட்டு ஆண்டு, மின்சாரத்தில் ஒழுங்காக ஓடியதோ அதில் பாதிகூட இல்லை. பெட்ரோலில்தான் ஓடுகிறதே, நடுவழியில் நிற்கவில்லையே என்று ஆறுதல் சொல்பவர்கள், நூறு கிலோ அளவுக்கு உதவாத பெட்டியைச் சுமந்துகொண்டு ஓடும் காருக்கு யார் பெட்ரோல் போடுகிறார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். பேட்டரியை மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்கு ஐந்து இலக்கத்தில் ஒரு தொகையைச் சொன்னார்கள். பட்டர்வொர்த்தில் தனிப் பட்டறை வைத்திருக்கும் தம்பியிடம் அதைச் சொன்னபோது, "அண்ணே, அந்தக் காசுக்கு ஓடுற மைவி கார் ஒண்ணு வாங்கிடலாம்ணே" என்றார்.

ஒரு பொருள் நீடித்து உழைக்க வேண்டும் என்பது மலேசியாவின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. 5 ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமல், 50,000 ரிங்கிட் வரை பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் கோரலாம். அங்கே போனால் முதலில் கேட்கப்படுவது ஆதாரம். அந்த ஆதாரமோ சர்வீஸ் சென்டர் திரையில் இருக்கிறது. ஆகவே அடுத்த சர்வீஸுக்கு முன், பேட்டரியின் மிச்சக் கொள்ளளவைத் தங்கள் பெயர் பொறித்த தாளில், தேதியும் கையெழுத்தும் இட்டுத் தர வேண்டும் என்று எழுத்து மூலமாகக் கேட்டிருக்கிறேன். தர மறுத்தால், மறுப்பதையாவது எழுத்தில் தரட்டும். சுவர் அளவியின் படங்களோடு சேர்த்து அதையும் மனுவில் இணைத்துவிடுகிறேன்.