தாலியில் புறா

(பாளையங்கோட்டை. பெண் வீட்டுத் திண்ணை. பெண்ணின் அம்மா கிரேஸ், சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) புராட்டஸ்டன்ட். மாப்பிள்ளையின் அம்மா மரியபுஷ்பம், தூத்துக்குடி கத்தோலிக்கர். நடுவில் காலண்டரும் முறுக்குத் தட்டும்.)

மரியபுஷ்பம்: முதலில் தேதி, மயினி. தவக்காலத்தில் முடியாது.

கிரேஸ்: லெந்து நாட்களில் எங்களுக்கும் ஆகாது. ஈஸ்டர் முடிந்து ஒரு திங்கட்கிழமை வைப்போம்.

மரியபுஷ்பம்: சரி, காலை எட்டு மணிக்குத் திருப்பலி. வெயிலுக்கு முன்னால் முடிந்துவிடும்.

கிரேஸ்: எட்டா? திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வேண்டாமே.

மரியபுஷ்பம்: ராகுகாலமா? நீங்கள் பார்ப்பீர்களா?

கிரேஸ்: சேச்சே, விசுவாசிகள் அதெல்லாம் பார்ப்போமா? பந்தல்காரர் பார்ப்பார். பாவம், அவர் மனசு நோகக் கூடாது.

மரியபுஷ்பம்: எங்கள் பக்கம் சமையல்காரர் பார்ப்பார். ஒன்பதரை என்று போடுங்கள். அப்புறம் இன்னொன்று. ஆயரிடம் அனுமதி வாங்க மகன் எழுதிக் கொடுக்க வேண்டும். பிள்ளைகளுக்கு எங்கள் கோயிலில் ஞானஸ்நானம் கொடுக்கத் தன்னால் இயன்றதை எல்லாம் செய்வேன் என்று.

கிரேஸ்: தாராளமாக எழுதிக் கொடுக்கட்டும்.

மரியபுஷ்பம்: வருத்தமில்லையே?

கிரேஸ்: 'இயன்றதை' என்றுதானே இருக்கிறது? என் மகளை உங்களுக்கு இன்னும் சரியாகத் தெரியாது.

மரியபுஷ்பம்: ம்... தாலியில் மாதா உருவம் வைக்கலாமா? என் மாமியாருக்கு ஆசை.

கிரேஸ்: வீட்டுக்காரர் எழுந்து போய்விடுவார். புறா வைப்போம். பரிசுத்த ஆவி இரண்டு வீட்டுக்கும் பொது.

மரியபுஷ்பம்: பெந்தெகொஸ்தே சபைக்குப் போன உங்கள் கொழுந்தனார் தாலியே கூடாது, நகையே கூடாது என்கிறாராமே?

கிரேஸ்: அவர் மகனுக்குப் பெண் எடுத்தபோது ஐம்பது பவுன் வாங்கினார். கேட்டால், போடத்தான் கூடாதாம், வாங்கக் கூடாது என்று வசனம் இல்லையாம். லாக்கரில் பத்திரமாக இருக்கிறது.

மரியபுஷ்பம்: எங்கள் தெருவில், சபை மாறிக் கட்டுகிறீர்களே என்கிறார்கள். கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று என்று சொல்லிவிட்டேன்.

கிரேஸ்: அதே பதில்தான் நானும். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் என்று தனித்தனியாக இருந்தவர்கள் 1947லேயே சேர்ந்து சிஎஸ்ஐ ஆகிவிட்டோம். ஒன்றாவது எங்களுக்கு என்ன புதிதா? இருந்தாலும், நீங்கள் நம்ம ஆட்கள்தானா என்று தூத்துக்குடியில் மூன்று பேரிடம் கேட்டுக்கொண்டேன்.

மரியபுஷ்பம்: தெரியும். அதில் ஒருத்தி என் தங்கை. நான் இங்கே விசாரித்தது ஐந்து பேரிடம்.

(கொஞ்ச நேரம் முறுக்கு கடிபடும் சத்தம் மட்டும்.)

கிரேஸ்: பத்திரிகையில் காதல் வாடையே வரக்கூடாது. மேலே 'கர்த்தராலே ஆயிற்று' வசனம் போட்டுவிடுவோம்.

மரியபுஷ்பம்: அதிலேயே 'நம்முடைய கண்களுக்கு ஆச்சரியம்' என்றும் வருமே!

கிரேஸ்: வரட்டும், பொய்யில்லையே. சென்னையில் இரண்டு வருஷம் ஒரே ஆபீஸ், ஒரே பைக். நமக்குத் தை மாதம்தானே தெரிந்தது?

மரியபுஷ்பம்: சரி, பிரசங்கம் யார்? எங்கள் ஃபாதர் பத்து நிமிஷம்தான் பேசுவார். உங்கள் சபைப் போதகர் ஐயர் வேண்டுமென்றால்...

கிரேஸ்: ஐயோ, வேண்டாம்! போன கல்யாணத்தில் ஏவாளில் ஆரம்பித்தார். ரெபெக்காள் கிணற்றடிக்கு வருவதற்குள் பிரியாணி ஆறிவிட்டது. ஐயர் ஜெபம் மட்டும் பண்ணட்டும், பிரசங்கம் ஃபாதரே.

மரியபுஷ்பம்: ஆக, மயினி கத்தோலிக்கத்துக்கு வந்துவிட்டீர்கள்!

கிரேஸ்: பந்தி முடிகிற வரைக்கும்.