ஜீப் வாடகைக்கு ரசீது ஏது?

பழங்குடிப் பிள்ளைகளுக்கு ஹாஸ்டல் நடத்தவோ நடமாடும் மருத்துவ வண்டி ஓட்டவோ கேட்டால், தொண்டு நிறுவனத்துக்கு அரசு மானியம் கிடைக்க வழி உண்டு. மனு எழுதித் தர, ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) ஆபீஸுக்குத் துணைக்குப் போக, மேல்முறையீடு போட என்று கேட்டுப் பாருங்கள், அதற்கு அந்தப் பட்டியலில் இடமே இருக்காது. நீலகிரியில் ஆள் பற்றாமல் கிடப்பது இந்த வேலைக்குத்தான்.

காட்டில் வாழ்கிறவர்களுக்கு நில உரிமை தரும் 2006 வன உரிமைச் சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ஊர்ப் பெரியவர் சொல்வதை எழுதி வாங்கினால் அதுவும் ஓர் ஆதாரம் என்கிறது விதி 13. அது தெரியாமல் "ஆவணம் இல்லை" என்று ஒற்றை வரியில் மனு தள்ளுபடியானால், முடிவெடுத்த தேதியிலிருந்து 60 நாளுக்குள் மேலே போக வேண்டும். தேதி ஓடுவது முடிவு எடுத்த நாளிலிருந்து, தாள் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல. எல்லையோர ஊரான சேரம்பாடிக்கு அந்தத் தாள் வந்து சேர்வதற்குள் பாதி நாள் போயிருக்கலாம். இன்னும் 30 நாள் கேட்கலாம்தான். கேட்கலாம் என்று சொல்ல ஒருவர் வேண்டுமே! மேல்முறையீட்டைக் கேட்கும் கோட்டக் குழு கூடலூரில், அதற்கும் மேலே கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழு ஊட்டியில். கூடலூரிலிருந்து ஊட்டிக்கு மட்டும் 50 கிலோமீட்டர் ஏற்றம். போய்வந்தால் ஒருநாள் தோட்டக் கூலி காலி.

கிடைக்கிற மானியத்திலும் சிக்கல். மத்திய பழங்குடியினர் நல அமைச்சகத் திட்டத்தில் 90 சதவீதம் அரசு, 10 சதவீதம் நிறுவனத்தின் கைக்காசு. அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதியென்றால் முழுத்தொகையும் உண்டு. தமிழ்நாட்டில் அப்படி ஒரு பகுதியே இல்லை. நிதியாண்டுக் கடைசியில் பணம் வந்தால் மார்ச் 31-க்குள் செலவழிக்க முடியாது. மிச்சம், செலவுக் கணக்கு காட்டும் 12-ஏ பயனீட்டுச் சான்றிதழில் நிற்கும், அடுத்த தவணை குறையும். ஆளுக்குக் காசு கொடுத்து ஏறும் பகிர்வு ஜீப்புக்கு பில்புக் கிடையாது, தணிக்கையில் அதுவே ஆட்சேபம்.

வெளிநாட்டு நிதியைப் பெரிய அமைப்பு வாங்கிச் சிறியதற்குப் பிரித்துக்கொடுக்கும் வழி, வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்தோடு அடைபட்டது. கம்பெனிகள் லாபத்திலிருந்து சமூகப் பணிக்கு ஒதுக்கும் 2 சதவீதப் பணம் ஸ்மார்ட் கிளாஸை விரும்பும். ஃபோட்டோவில் அழகாக வரும் அல்லவா!

"அரசை எதிர்த்து மனுப்போட அரசே காசு தரணுமா?" என்று கேட்பார்கள். ஏற்கெனவே தருகிறதே. 1987 சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பழங்குடியினர் யாராக இருந்தாலும், வருமானம் பார்க்காமல், அரசுக்கு எதிராகவும் இலவச வக்கீல் உண்டு. அது நடப்பதற்குக் காரணம், மாவட்ட ஆணையத்தின் தலைவர் கலெக்டர் அல்ல, மாவட்ட நீதிபதி. மனு எழுதித் தரும் வேலைக்கான மானியமும் அந்த வழியில்தான் வர வேண்டும். எந்தத் துறைக்கு மனுப்போடுகிறோமோ அதே துறை காசோலையில் கையெழுத்துப் போட்டால், மனுவின் குரல் தானாகவே இறங்கிவிடும்.

கேட்பது இவ்வளவுதான்: தாலுகாவுக்கு இரண்டு பேர் சம்பளம், மூன்று வருடத்துக்கு உறுதி, முதல் தவணை ஏப்ரலில். ஜீப்புக்கு தேதி, புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், டிரைவர் கையெழுத்து உள்ள வவுச்சர். 5,000 ரூபாயைத் தாண்டினால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப். இதற்கு மேல் ரசீது கேட்காதீர்கள்.