கல்லூரியும் விருதும் போதுமா?

கலிஃபோர்னியாவில் வீடு, கடைத் தகராறுக்கு வழக்கறிஞரைத் தேடுவது பற்றிய கட்டுரை நன்றாக இருக்கிறது. ஆனால் படித்த கல்லூரி, வாங்கிய விருது என்பதோடு நின்றுவிட்டது. அங்கே ஸ்டேட் பார் என்ற மாநில வழக்கறிஞர் அமைப்பின் இணையதளத்தில் பெயரைப் போட்டாலே போதும். எப்போது உரிமம் வாங்கினார், ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்பது இலவசமாகத் தெரிந்துவிடும்.

அப்புறம், 'ரியல் எஸ்டேட் நிபுணர்' என்ற விளம்பரம். குடும்பச் சட்டம், குடியேற்றம், வரி போன்ற துறைகளுக்கு அந்த ஸ்டேட் பார் நிபுணர் சான்றிதழ் தருகிறது. ரியல் எஸ்டேட்டுக்குக் கிடையாது. டெக்சாஸில் உண்டு.

நான் கேட்பது வேறு. லிஸ் பென்டென்ஸ் என்ற வழக்கு அறிவிப்பைப் பதிவு செய்து பழக்கம் உள்ளவரா? சொத்தின் மீது வழக்கு இருக்கிறது என்று கவுண்டி (மாவட்ட) பதிவகத்தில் பதிந்துவிட்டால், விற்பவர் அதை வேறு யாருக்கும் எளிதில் தள்ளிவிட முடியாது. அடிப்படை இல்லாமல் பதிந்தால் நீதிமன்றம் நீக்கிவிடும், எதிர்த்தரப்பு வக்கீல் செலவும் நம் தலையில் விழலாம். அதேபோல, அங்கே வழக்கமாகப் பயன்படும் வீட்டு விற்பனை ஒப்பந்தப் படிவத்தில் சமரசப் பேச்சு பற்றி ஒரு பிரிவு இருக்கிறது. பேசிப் பார்க்காமல் நேரே வழக்குப் போட்டால், ஜெயித்தாலும் வக்கீல் கட்டணத்தை எதிராளியிடம் வசூலிக்க முடியாமல் போகும். முதல் சந்திப்பிலேயே இதைச் சொல்லாதவர் எந்தக் கல்லூரியில் படித்திருந்தால் என்ன?