கூண்டில் வளர்ந்த வவ்வாலுக்கு வைரஸ் இருக்காதா?

காவேரிப்பட்டணம் பக்கத்து வாட்ஸ்அப் குழு ஒன்றில் நேற்றிலிருந்து ஒரு படம் சுற்றுகிறது. கிளிக்கூண்டுக்குள் பழந்தின்னி வவ்வால் குட்டி ஒன்று தலைகீழாகத் தொங்குகிறது, ஒரு பொடியன் இங்க் ஃபில்லரில் பால் புகட்டுகிறான், ஃபில்லரின் முனையைக் குட்டி கடித்துப் பிடித்திருக்கிறது, அவன் விரலோ அதன் வாய்க்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கீழே ஒரு அண்ணன், "வீட்டிலயே வளருது, அதுக்கு எப்படி நோய் வரும்?" என்று கேட்டிருக்கிறார்.

புதிதாக வர வேண்டியதே இல்லை அண்ணே, வரும்போதே கொண்டு வந்திருக்கலாம். மலேசியாவில் பெரிய பழந்தின்னி வவ்வால்களைப் பிடித்து அடைத்து வைத்து மாதக்கணக்கில் ரத்தமும் மூத்திரமும் சோதித்துக்கொண்டே இருந்தார்கள். யாரும் ஊசி போட்டு வைரஸை ஏற்றவில்லை. ஆனாலும் உடம்புக்குள் அடங்கிக் கிடந்த நிபா (மனுஷனுக்கும் தொற்றி உயிரையே எடுக்கக்கூடிய வைரஸ்) ரொம்ப நாள் கழித்து மறுபடி தலைதூக்கியதை 2011-இல் எழுதினார்கள். அதாவது, ஒருமுறை சோதித்து 'இல்லை' என்று வந்தால் அந்த ஒரு நாளைக்குத்தான் அது செல்லும். ஐரோப்பாவிலும் 1997-இல் மிருகக்காட்சி சாலையில் வளர்ந்த எகிப்து பழந்தின்னி வவ்வால்களிடம் வெறிநோய் வைரஸின் பங்காளி ஒன்று இருந்தது தெரியவந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தன. வவ்வாலிடம் இதுதான் சிக்கல், வைரஸைச் சுமந்துகொண்டே தெம்பாகத் திரியும்.

சரி, இதைப் படித்துவிட்டு அரிவாளோடு புளியமரத்துக்குக் கிளம்பிவிடாதீர்கள். மாங்காய் சீசன் வந்தாலே நம் மாவட்டத்தில் வவ்வாலை வெடி போட்டு விரட்டுவது ஒரு வேலையாகவே நடக்கிறது. பட்டினியும் பயமும் கூடினால் வைரஸ் வெளியேறுவதும் கூடலாம் என்பதுதான் ஆஸ்திரேலியாவில், வவ்வாலிடமிருந்து குதிரைக்கும் குதிரையிடமிருந்து மனுஷனுக்கும் தொற்றும் ஹெண்ட்ரா வைரஸை ஆராய்ந்தவர்களின் கருத்து. இங்கே விரட்டினால் பக்கத்து ஊர் மரத்துக்குப் போய் நெருக்கியடித்துக்கொண்டு தொங்கும், அவ்வளவுதான். இலுப்பை விதையைக் கொண்டுபோய்ப் பரப்புவதும் அதுதானே. வருஷத்துக்கு ஒரு குட்டிதான் போடும் பிராணியை, பழத்தைத் தின்கிறது என்பதற்காக 1972 வனவிலங்குச் சட்டத்தில் எலி, காக்கையோடு தொல்லைப் பிராணிப் பட்டியலில் வைத்திருந்தார்கள். 2022 திருத்தத்தில்தான் அந்தப் பட்டியலே போனது. இளைப்புக்கு வவ்வால் கறி மருந்து என்பவர்களோடு தனியாகச் சண்டை போட வேண்டும், அது இன்னொரு நாள்.

அந்தப் பையன் வீட்டாருக்கு: குட்டியை வெறுங்கையால் தொடாமல் வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள். கடியோ கீறலோ பட்டிருந்தால் சோப்புப் போட்டு 15 நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு இன்றைக்கே ஜிஹெச் போய், வவ்வால் என்று சொல்லி வெறிநோய்த் தடுப்பு ஊசியைப் பற்றிக் கேளுங்கள். படத்தையும் எடுத்துவிடுங்கள், ஏற்கெனவே ரெண்டு பேர் "எங்க கிடைக்கும்?" என்று கேட்டிருக்கிறார்கள்.