நெஞ்சுக் குழியும் நஸ் முறையும்

பிறவியிலேயே நெஞ்செலும்பு உள்வாங்கிய குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சை பற்றிய கட்டுரை நன்றாக இருக்கிறதுங்க. ஆனால் நஸ் முறையை இரண்டே வரியில் தாண்டிவிட்டீர்கள். 1987-ல் அமெரிக்காவில் டாக்டர் டொனால்ட் நஸ் தொடங்கிய முறை அது. குருத்தெலும்பை வெட்டி எடுக்காமல், பக்கவாட்டில் சிறிதாகக் கீறி, வளைந்த உலோகப் பட்டையை நெஞ்செலும்புக்கு அடியில் செலுத்தித் திருப்பிவிடுவார்கள். குழி அப்போதே மேலெழும்பிவிடும். இரண்டு, மூன்று வருடம் கழித்துப் பட்டையை எடுத்துவிடுவார்கள்.

கோபியில் என் அக்கா மகனுக்கு இந்தக் குறைதான். கொடிவேரி அணைக்குப் போனாலும் பனியனோடுதான் குளிப்பான். அவன் அம்மிச்சியோ, "களியும் கம்பஞ்சோறும் தின்னா நெஞ்சு தூக்கிக்கும் சாமி" என்பார். தின்றான், வளர்ந்தான், குழியும் கூடவே ஆழமானது. பதின்வயதில் மளமளவென்று வளரும்போது பலருக்கு அப்படித்தான் ஆகும்.

அதற்காக எல்லாருக்கும் ஆபரேஷன் வேண்டியதில்லை. சி.டி. ஸ்கேனில் நெஞ்சின் உள் அகலத்தை, நெஞ்செலும்புக்கும் முதுகெலும்புக்கும் உள்ள இடைவெளியால் வகுப்பார்கள். 3.25-க்கு மேல் போனால்தான் பெரும்பாலும் அந்தப் பேச்சே வரும். நெஞ்சு வெளியே துருத்தியிருந்தால் கதை வேறு. வளரும் பிள்ளைகளில் பலருக்கு, நெஞ்சை வெளியிலிருந்து அழுத்திப் பிடிக்கும் பிரேஸ் போட்டே சரியாகிறது.

அப்புறம், வலியைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லையே! எங்கள் பையன் ஆபரேஷன் முடிந்த முதல் வாரம் தும்மலுக்கே பயந்தான். இன்னொன்று, கவரிங் நகை போட்டால் அரிக்கும் உடம்பு என்றால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வழக்கமான ஸ்டீல் பட்டையில் நிக்கல் இருக்கும். ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு டைட்டானியம் பட்டை உண்டு.